சீட்டில்லாத மரமும் ஆறு தம்ளர் ஜூஸும்

எனக்குத் "தெரியாது" என்று சொல்ல வராது. பிறவிக் கோளாறு. தாம்பரம் ரயில் நிலைய வாசலில் யாராவது நான் கேள்விப்பட்டே இராத தெருவுக்கு வழி கேட்டால்கூட, கையை நீட்டி ஒரு திசையைக் காட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். அப்படி நான் அனுப்பிவைத்தவர்களில் சிலர் இன்னும் படப்பைப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கலாம். (இதைப் படித்தால் மன்னித்துவிட்டு வீடு திரும்பவும்.)

இந்தக் கோளாறு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு என் மகளின் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது. அதற்குத் துணைபோனது எங்கள் வாசலில் நிற்கும் ஒரு மரம்.

மரம் வந்த கதையே ஒரு தனி அவமானம். எங்கள் சபையில் வருடந்தோறும் அறுப்பின் பண்டிகை நடக்கும். சொந்தமாக ஒரு சென்ட் வயல்கூட இல்லாத சபை. ஆனாலும் வாழைத்தார், பூசணிக்காய், கேக், ஊறுகாய், உயிருள்ள சேவல் என்று காணிக்கையாக வந்து குவிந்துவிடும். ஆராதனை முடிந்ததும் பந்தலில் வைத்து எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். நான்கு வருடங்களுக்கு முன் அப்படி ஏலத்துக்கு வந்தது ஒரு தொட்டிச் செடி. கிளையில் நூல் மட்டும் தொங்கியது. பெயர் எழுதிய சீட்டு எங்கேயோ உதிர்ந்துவிட்டது.

"பேரு தெரியாது, ஆனா பூ சூப்பரா வரும்!" என்று மைக்கில் கூவினார் சபைச் செயலாளர்.

நான் ஆண்கள் பக்கம், ஒரு வாழைத்தாருக்குப் பின்னால் நின்று கையைத் தூக்கினேன். பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ அதற்கு மேல் கேட்டார்கள். நான் விடுவேனா? ஏற்றினேன். அந்தப் பக்கமும் ஏற்றினார்கள்.

"லேடீஸ் பக்கம் ஒரு சிஸ்டர் விடவே மாட்டேங்கிறாங்க! ஜென்ட்ஸ் என்ன, தூங்குறீங்களா?"

எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. கடைசி வரை நின்று ஜெயித்தேன். தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெற்றி வீரனாக வாசலுக்கு வந்தால், அங்கே என் மனைவி கிரேஸ் தோற்ற முகத்தோடு நிற்கிறாள்.

"நீங்களா?" என்றாள்.

"நீயா?" என்றேன்.

சபை முழுவதுக்கும் ஆரம்பத்திலிருந்தே தெரியும். ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. காணிக்கை கோயிலுக்குத்தானே சேருகிறது! குருவானவர்கூட, சிரிப்பை அடக்க முடியாமல் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாராம்.

அந்தச் செடியை ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மதிலோரம் நட்டோம். மளமளவென்று வளர்ந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் சீனிவாசன் சார் காலைப் பூஜைக்காக வளர்க்கும் பூச்செடிகளும் எட்டிப் பார்த்து, எங்கள் மரத்தின் தோளில் கைபோட்டு நின்றன. (இந்த நட்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

போகிற வருகிறவர்கள் எல்லாரும் "என்ன மரம் சார்?" என்று கேட்பார்கள். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம் "மகோகனி" என்றேன். மின்சார மீட்டர் பார்க்க வந்தவரிடம் "ஜப்பான் செர்ரி" என்றேன். குருவானவர் வீடு சந்திக்க வந்தபோது, ஆளுக்குத் தகுந்தபடி பைபிளிலிருந்தே ஒரு மரத்தை எடுத்து, "லீபனோன் கேதுரு, அய்யா" என்றேன். அவர் மரத்தை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். அன்றைய ஜெபத்தில், "இந்தக் குடும்பத் தலைவர் உண்மையைப் பேசக் கிருபை தாரும்" என்று ஒரு வரியைத் தனியாகச் சேர்த்துக்கொண்டார்.

போன வருடம் செப்டம்பர் கடைசியில் மரம் முதன்முதலாகப் பூத்தது. ரோஸும் ஊதாவும் கலந்த ஐந்து இதழ்கள், நடுவிலிருந்து மேல்நோக்கி வளைந்த மீசை மாதிரி நாலைந்து கேசரங்கள். தெருவே நின்று பார்த்தது. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பூத்ததே நான்தான் என்பது போல ஒரு முகத்தை வைத்துக்கொண்டேன்.

"என்னங்க, இந்தப் பூவைச் சாப்பிடலாமா?" என்று ஒருநாள் கிரேஸ் கேட்டாள்.

நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "தாராளமா. ஜப்பான்ல சாலட்லயே போடுவாங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. ஜப்பானைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது கிழக்கே இருக்கிறது என்பதுதான்.

இதற்கிடையில் என் மகள் ஷெரின், உடன் வேலைபார்க்கும் ஜோயல் என்ற பையனைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகச் சொன்னாள். நல்ல பையன். அனகாபுத்தூர்க் குடும்பம். எங்களுக்குச் சம்மதம். ஜோயலின் அப்பாவுக்கும் சம்மதம். பாக்கி அவனுடைய அம்மா ஹெப்சிபா மட்டும்தான். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முப்பது வருடம் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்றவர்.

அவர்கள் வருவதற்கு முந்தைய நாள் ஷெரின் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஆன்ட்டிகிட்ட நம்ம மரத்துப் பூவைப் பத்திச் சொன்னேன். நேர்ல பார்க்கணும்னு ஆசையா இருக்காங்க. கண்டிப்பா உங்ககிட்ட என்ன மரம்னு கேட்பாங்க."

"கேட்கட்டுமே!"

"அதான்பா பயமா இருக்கு. தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலைன்னா…"

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னு சொல்லுங்கப்பா. ப்ளீஸ். அவங்க இன்னும் சரின்னு சொல்லல. உங்களை எல்லாம் பார்த்துப் பேசிட்டுத்தான் சொல்வேன்னு சொல்லியிருக்காங்க. பொய் சொன்னா அவங்களுக்கு ஆகவே ஆகாது."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யாத குறையாக வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, உண்மையான பெயரையே கண்டுபிடித்து அசத்திவிட்டால் என்ன என்று யோசிக்க ஆரம்பித்தேன். (கோளாறு போகுமா?)

செடியைப் படமெடுத்துக் காட்டினால் பெயர் சொல்லும் செயலி ஒன்றைப் போனில் இறக்கினேன். "பூ அல்லது இலையைத் தெளிவாகப் படமெடுக்கவும்" என்றது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, பிரியாணி சாப்பிட்டு, கண்ணசந்து எழுந்தால் மணி நாலாகப் பத்து நிமிடம். வாசலுக்கு ஓடினேன். கைக்கெட்டிய உயரத்தில் ஒரு பூவைக்கூடக் காணோம். சரி, இலை போதும். தெருமுனையில் ஒரு கார் திரும்பும் சத்தம் கேட்டது. கண் தெருவில், கை கிளையில். எட்டி ஓர் இலையைக் கிள்ளினேன். நீளமாக, ஒல்லியாக, கெட்டியாக இருந்தது. படமெடுத்தேன்.

கார் வாசலில் வந்து நிற்கவும், போனில் பெயர் வந்து விழவும் சரியாக இருந்தது: நீரியம் ஓலியாண்டர்.

அடடா! என்ன கம்பீரமான பெயர்! கீழே இன்னும் ஏதோ நிறைய எழுதியிருந்தது. யார் படித்தார்கள்? இலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நீரியம் ஓலியாண்டர், நீரியம் ஓலியாண்டர்" என்று மனப்பாடம் செய்தபடியே கார்க் கதவைத் திறந்துவிட்டேன்.

எல்லாரும் ஹாலில் உட்கார்ந்தோம். ஹெப்சிபா மிஸ் குங்குமப்பூ நிறத்தில் பட்டுப்புடவை கட்டியிருந்தார். கண்ணாடிக்கு மேலாக ஆளை அளக்கும் பார்வை. கிரேஸ் தட்டில் ஆறு கண்ணாடித் தம்ளர்களில் எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து வைத்தாள். ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு ஐஸ்கட்டி. ஒவ்வொரு ஐஸ்கட்டிக்குள்ளும் ரோஸ் நிறத்தில் ஓர் இதழ்.

"அட, அழகா இருக்கே! உள்ளே என்னது சிஸ்டர்?" என்று ஹெப்சிபா மிஸ் ஒரு தம்ளரைக் கையில் எடுத்தார்.

"எங்க மரத்துப் பூதான் மிஸ். வீடியோல பார்த்துச் செஞ்சேன். சாப்பிடலாமான்னு இவர்கிட்ட கேட்டுட்டுத்தான் போட்டேன்" என்றாள் கிரேஸ், என்னைப் பெருமையாகப் பார்த்து.

எனக்குள் ஏதோ ஒன்று, அந்தப் பெயருக்குக் கீழே எழுதியிருந்ததைப் படி என்றது. பிஸ்கட் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்ப் போனைப் பார்த்தேன்.

"அலங்காரத் தாவரம். எச்சரிக்கை: இலை, பூ, தண்டு, வேர் என எல்லாப் பாகங்களும் கடும் நச்சு. உட்கொண்டால் இதயம் பாதிக்கப்படும்."

என் இதயம் எதையும் உட்கொள்ளாமலே பாதிக்கப்பட்டது. பெண் பார்க்க வந்த குடும்பத்துக்கு விஷம் வைத்த மாமனார்! அதுவும் ஜப்பான் சிபாரிசோடு!

நியாயமான மனிதன் அந்த நிமிடமே ஹாலுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருப்பான். எனக்கோ ஷெரினின் கண்தான் முன்னால் வந்து நின்றது. யாருக்கும் தெரியாமல் சரிக்கட்டிவிடலாம் என்று தோன்றியது. முதல் வேலையாக, பக்கத்துத் தெரு ஆட்டோக்காரர் பழனிக்குப் போன் போட்டேன்.

"பழனி, உடனே வீட்டுக்கு வா. ஆஸ்பத்திரி போகணும்."

"ஐயையோ! யாருக்கு சார்?"

"அது இனிமேதான் முடிவாகும்."

"இன்னாது?"

போனை வைத்துவிட்டு ஹாலுக்கு ஓடினால், அங்கே ஜோயலின் அப்பா, "சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஜெபம் பண்ணிடலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கர்த்தருக்கு நான் அதுவரை அவ்வளவு உருக்கமாக நன்றி சொன்னதே இல்லை. எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

"அன்பின் பரலோகப் பிதாவே…"

நான் மூடவில்லை. என் கண் முழுக்க ஐஸ்கட்டிகள் மேலேயே இருந்தது. அக்டோபர் மாதப் புழுக்கத்தில் அவை கண்ணெதிரே கரைந்தன. ஓர் இதழின் நுனி வெளியே வந்துவிட்டது. இன்னோர் இதழ் விடுதலையாகி மிதக்கவே தொடங்கிவிட்டது.

ஜெபம் வளர்ந்துகொண்டே போனது. இரண்டு குடும்பங்களின் உற்றார் உறவினர், வெளியூர்ச் சித்தப்பா, அவருடைய மூட்டுவலி எல்லாம் வந்தன. இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. மெல்ல எழுந்தேன். மேஜைமேல் நான்கு தம்ளர்கள் இருந்தன. தட்டோடு தூக்கிக்கொண்டு பூனை மாதிரி நடந்து, மூலையில் இருந்த மணிபிளான்ட் தொட்டியில் நான்கையும் கவிழ்த்தேன். திரும்பினேன்.

ஐந்தாவது தம்ளர் ஜோயல் கையில் இருந்தது. பக்கத்தில் போனதும் அவன் கண்ணைத் திறந்துவிட்டான். நான் உதட்டில் விரலை வைத்தேன். இந்த வீட்டு வழக்கமே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ, பணிவாகத் தம்ளரைக் கொடுத்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான்.

தம்ளரைப் பார்த்தேன். பாதி காலி. படபடப்பில் பயல் ஜெபத்துக்கு முன்பே குடித்திருக்கிறான்!

மிச்சத்தையும் தொட்டியில் கவிழ்த்தேன். இருந்தாலும் ஆறாவது தம்ளர் பாக்கி. அது ஹெப்சிபா மிஸ்ஸின் வலது கையில், மடிமேல் இருந்தது. குனிந்து, விளிம்பைப் பிடித்து, லேசாக இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். பிடி இறுகியது. கண்ணாடிக்கு மேலே ஒரு கண் திறந்தது. முப்பது வருடம் பரீட்சை ஹாலில் பிட் அடித்தவர்களைப் பிடித்த கண்!

நான் விடவில்லை. அவரும் விடவில்லை. ஜெபத்துக்கு நடுவில் சத்தம் போட இரண்டு பேருக்குமே மனமில்லை. மௌனமாக இழுத்துக்கொண்டிருந்தோம். ஜோயலின் அப்பா உருகிப்போய், "இந்த இரண்டு குடும்பங்களும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுத்து வாழக் கிருபை செய்யும்" என்று சொன்ன அதே நொடியில், மிஸ் விட்டுக்கொடுத்தார்.

நான் பின்பக்கமாகப் போய் மேஜைமேல் உட்கார்ந்தேன். ஜூஸ் முன்பக்கமாகப் போய்ப் பட்டுப்புடவைமேல் உட்கார்ந்தது.

"ஆமென்" என்றார் ஜோயலின் அப்பா, கண்ணைத் திறந்தபடி.

"குடிக்காதீங்க! விஷம்!" என்று நான் அலறினேன்.

ஷெரினின் முகம் வெளுத்துவிட்டது. கிரேஸ் என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்த்தாள். அப்போது வாசலில் ஆட்டோ கிறீச்சிட்டு நின்றது. பழனி உள்ளே பாய்ந்தார்.

"சார்! பேஷன்ட்டு யாரு சார்?" சுற்றுமுற்றும் பார்த்தார். "இன்னா சார் இது? போன்ல உசுரு போற மாதிரி கத்துன. இங்க எல்லாம் ஜம்முனு குந்திகினு கீறாங்க!"

"ஜோயல்… ஜோயல் குடிச்சிட்டான்" என்று நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். "தம்பி, உனக்கு என்ன பண்ணுது? சொல்லுப்பா!"

"நெஞ்சு படபடன்னு இருக்கு அங்கிள்" என்றான் அவன் பரிதாபமாக.

"அது ஒரு வருஷமாவே உனக்கு அப்படித்தான்டா இருக்கு" என்றார் ஹெப்சிபா மிஸ், ஷெரினை ஒரு பார்வை பார்த்து. முந்தானையைப் பிழிந்துகொண்டே என் பக்கம் திரும்பினார். "பிரதர், விஷம்னு யார் சொன்னா?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஜப்பான், சாலட், செயலி, நீரியம் ஓலியாண்டர். சட்டைப் பையிலிருந்து இலையை எடுத்து நீட்டினேன்.

அவர் அதை வாங்கி ஒரே ஒரு முறை திருப்பிப் பார்த்தார். "இதை எங்கே பறிச்சீங்க?"

"எங்க மரத்துலதான் மிஸ்."

"வாங்க, பார்க்கலாம்."

எல்லாரும் வாசலுக்குப் போனோம். பழனியும்தான். மிஸ் மதிலோரம் நின்று, சீனிவாசன் சார் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு கிளையைப் பிடித்து இழுத்தார். அதிலிருந்த இலைகளும் என் இலையும் அண்ணன் தம்பிகள் மாதிரி இருந்தன.

"இது அரளி, பிரதர். நீரியம் ஓலியாண்டர்னா அரளிதான். விஷம்னு உங்க போன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. இலைதான் பக்கத்து வீட்டு இலை."

அரளி! தினமும் இரண்டு வேளை ஜி.எஸ்.டி. சாலையில் நடுத்தடுப்பு நெடுகப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போய்வருகிற அரளி! சிக்னல் விழுந்தால் கையெட்டும் தூரத்தில் நிற்கிற அரளி!

"தோ பார்ரா, அரளி கூடவா சார் தெரியாது உனக்கு?" என்றார் பழனி. "என் வூட்டாண்ட ஆடு கூட அத்தப் பாத்தா ஒதுங்கிப் போவும்."

மிஸ் எங்கள் மரத்தின் பக்கம் திரும்பினார். "சரி, அது அரளி. இது என்ன மரம்னு உங்களுக்குத் தெரியுமா பிரதர்?"

நாக்கு நுனியில் மகோகனி வந்து நின்றது. அதன் பின்னால் கேதுரு வரிசையில் நின்றது. ஷெரினைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது, மிஸ்" என்றேன்.

ஐம்பத்திரண்டு வயதில், என் வாயிலிருந்து வந்த முதல் தெரியாது அது. உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஷெரின் மட்டும் மூச்சை விட்டாள்.

மிஸ் ஒரு கிளையைத் தாழ்த்தி இலையை என் கையில் வைத்தார். "பாருங்க. ஒரே இலைதான், ஆனா நுனியில ரெண்டாப் பிளந்திருக்கு. மாட்டுக் குளம்பு மாதிரி இல்ல? பொழுது சாஞ்சா புஸ்தகம் மாதிரி மூடிக்கும். இந்த மாதிரி இலை, இந்த மாதிரி பூ, ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா யோசிக்கவே வேணாம். மந்தாரை!"

நான்கு வருடம் என் வாசலில் நின்ற மரம். ஒவ்வோர் இலையும் ஊருக்கே தெரிகிற மாதிரி பிளந்து காட்டியிருக்கிறது. நான் ஒருநாள்கூடப் பார்க்கவில்லை.

"மொட்டுல பொரியலே செய்வாங்க" என்று சொல்லிக்கொண்டே, மேலே எட்டி ஒரு பூவைப் பறித்து, ஓர் இதழைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். (மூட வேண்டிய நேரத்தில் மூடவில்லையே என்பதற்குப் பிராயச்சித்தம்.)

திறந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். சிரித்துக்கொண்டும் இருந்தார். "இது எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டார். கிரேஸ் ஏலக் கதையைச் சொல்லிவிட்டாள். புருஷனும் பெண்சாதியும் போட்டிபோட்ட கட்டத்தில் மிஸ் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜோயலின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பழனிக்கு நேரமாகிவிட்டது. தலையைச் சொறிந்தார். "சார், நான் நிக்கிறதா போறதா? ஒன்னும் பிரியல. அட, கல்யாணம் கீதா இல்லியா, அத்தயாச்சும் சொல்லு."

நான் தரையைப் பார்த்தேன். ஷெரின் ஜோயலைப் பார்த்தாள். ஜோயல் அம்மாவைப் பார்த்தான்.

"கல்யாணம் இருக்கு. நீங்க போகலாம் தம்பி" என்றார் ஹெப்சிபா மிஸ். பிறகு கிரேஸிடம், "சிஸ்டர், அந்த ஐஸ் இன்னும் மிச்சம் இருக்கா? நான் ஒரு வாய்கூடக் குடிக்கல" என்றார்.

கல்யாணம் ஜனவரியில் சிறப்பாக நடந்தது. விருந்தில் பாயசம் பரிமாறியதும் மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் குடிக்கவில்லை. பந்தி பந்தியாகக் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். நான் தலையாட்டிய பிறகுதான் குடித்தார்கள். இன்றைக்கும் அந்த வீட்டில் எனக்கு முன்னால் காபி வந்தால், மாப்பிள்ளை ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுத்தான் என்னிடம் தருவார். ஜெபம் செய்யும்போது எல்லாரும் அவரவர் தம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள்.

என் ஜூஸைக் குடித்த மணிபிளான்ட் என்னவோ உத்தரம் வரை ஏறிவிட்டது.

கல்யாணத்துக்கு மறுவாரம் சம்பந்தியம்மா இரண்டு தகரச் சீட்டுகள் கொண்டுவந்தார். ஒன்றை மரத்தில் தொங்கிய அந்தப் பழைய நூல் இருந்த இடத்தில் கட்டினார். பெயர் மந்தாரை, தாவரவியல் பெயர், குடும்பம் எல்லாம் அழகான கையெழுத்தில். இன்னொன்றை என் நாற்காலியின் முதுகில் கட்டிவிட்டுப் போனார். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. போகிற வருகிறவர்கள் நின்று படிக்கிறார்கள்:

"சம்பந்தி. தென்சென்னைப் புறநகரில் காணப்படும் அலங்கார வகை. தொட்டால் துள்ளும். விஷமில்லை. வழி கேட்க வேண்டாம்."